இரவல் பணக்காரன்

சின்ன வெங்காயம் விலை ஏறினால் பாடாலூர், செட்டிகுளம் பக்கத்து விவசாயி அந்தப் பருவத்துக்குப் பணக்காரர். விலை விழுந்தால் பிடுங்குகிற கூலிக்கே கட்டுபடியாகாது. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படி வந்து போகிற வாழ்வைத்தான் சார்லி சாப்ளினின் ஊமைப் படங்களும் காட்டின. அவை உலகமெங்கும் போய்ச் சேர்ந்ததற்கு, அவற்றில் வசனம் இல்லாததுதான் காரணம் என்பார்கள். அது பாதிக் காரணம்தான். வசனமில்லாத சிரிப்புப் படங்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ வந்து, வந்த சுவடு தெரியாமல் போயின. 1914இல் தொளதொள கால்சட்டையும் பிரம்புமாக வந்த சாப்ளினின் நாடோடி மட்டும் நின்றதற்கு, அவனுக்கு வந்த வாழ்வெல்லாம் இரவல் வாழ்வாக இருந்ததே முக்கியக் காரணம்.

'தி பேங்க்' (1915) படத்தில் அவன் கூட்டித் துடைக்கும் ஊழியன். கொள்ளையரை விரட்டிக் காதலியை அணைக்கிறான்; விழித்துப் பார்த்தால் கையில் இருப்பது தரை துடைக்கும் துடைப்பம். 'சிட்டி லைட்ஸ்' (1931) இன்னும் கூர்மையானது. ஒரு கோடீஸ்வரர் குடித்திருக்கும்போது இவன் உயிர் நண்பன், தெளிந்ததும் யாரோ ஒருவன். அவர் கொடுத்த காரில் போகிறவன், தெருவில் யாரோ எறிந்த சுருட்டுத் துண்டைக் கண்டதும் இறங்கி ஓடுகிறான். அதற்குக் குனிந்த இன்னொரு ஏழையைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டு, மறுபடி காரில் ஏறிப் போய்விடுகிறான். தள்ளப்பட்டவனின் திகைப்பில்தான் அந்தக் காட்சியின் சிரிப்பெல்லாம் இருக்கிறது. 'தி கோல்டு ரஷ்' (1925) முடிவில் அவன் நிஜமாகவே பணக்காரனாகிறானே என்று கேட்கலாம். ஆகிறான்தான். ஆனால் உரோமக் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக் கப்பலில் நிற்கும்போதும் அவன் கை கீழே கிடக்கும் சுருட்டுத் துண்டுக்குத்தான் போகிறது. பணம் வந்து சேர்ந்தாலும் பழக்கம் விடவில்லை.

இந்த மரபு நம்மிடம் வெளிப்படையாக வந்து சேர்ந்த படம் 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'பேசும் படம்'. வேலை தேடும் இளைஞன் கமல்ஹாசன், குடித்து விழுந்து கிடக்கும் பணக்காரரைத் தன் அறையில் அடைத்துவிட்டு, அவருடைய ஓட்டல் சாவியோடு போய் அவர் வாழ்க்கையை வாழ்ந்து பார்க்கிறான். மெத்தையில் தூக்கம் வரவில்லை. தன் பழைய அறையில் கேட்கும் இரைச்சலை டேப்பில் பதிவுசெய்து வந்து ஓடவிட்டால்தான் கண் அயர்கிறது. சாப்ளினின் சுருட்டுத் துண்டு இங்கே ஒலியாகிவிட்டது. நகல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இது நம் நகரத்து லாட்ஜ் வாழ்க்கையிலிருந்தே பிறந்த சிரிப்பு.

இருப்பதே போதும் என்று ஏழைக்கு உபதேசிக்கும் படங்கள்தானே இவை என்ற குற்றச்சாட்டு கனமானது. கடைசியில் கமல் பழையபடி வேலைக்கான வரிசையில் நிற்பது அதற்குச் சாதகமாகக்கூடத் தோன்றும். ஆனால் அதே படத்தில் ஒரு பிச்சைக்காரர் தெருவில் செத்துக் கிடக்கிறார். அவர் சேர்த்து வைத்த நோட்டுகளுக்கு அடிதடி நடக்கிறது, பிணத்தைச் சீண்ட ஆள் இல்லை. போதுமென்ற மனத்தைப் போற்ற வந்த படத்துக்கு இந்தக் காட்சி எதற்கு? இளைஞன் திரும்பிப் போகிற தெருவும் அதுதான். அங்கே நிம்மதி காத்திருப்பதாகப் படம் எங்கேயும் காட்டவில்லை.