தூத்துக்குடி அனல் நிலையம்: வாய்தா எத்தனை நாள்?

தூத்துக்குடி அனல் மின்சார நிலையத்தை இனியும் நடத்துவதா, மூடிவிடுவதா என்ற விவாதம் வெகுநாளாக நடந்து வருகிறது. தலா 210 மெகாவாட் சக்தியுள்ள ஐந்து யூனிட்டுகள் அங்கே நிறுவப்பட்டன. முதல் மூன்றும் 1979ம் வருஷத்துக்கும் 1982ம் வருஷத்துக்கும் இடையே உற்பத்தியைத் தொடங்கியவை. மற்ற இரண்டும் 1991, 1992ம் வருஷங்களில் வந்தவை. இத்தகைய நிலையத்துக்கு 25 வருஷமே ஆயுள் என்று கணக்கிடுவது வழக்கம். முதல் மூன்றும் நாற்பதைத் தாண்டிவிட்டன. ஆகவே விவாதம் எழுந்ததில் ஆச்சரியமில்லை. இன்னும் முடிவு ஏற்படாததுதான் ஆச்சரியம்.

அந்த நிலையத்தை நாம் நன்றியுடனேயே நினைக்கிறோம். தென் ஜில்லாக்களின் ஆலைகளும், கிணற்று மோட்டார்களும், வீட்டு விளக்குகளும் அதற்குக் கடமைப்பட்டவை. ஆனால் நன்றி வேறு, கணக்கு வேறு. ஒடிஸாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறித் தூத்துக்குடிக்கு வர வேண்டியிருக்கிறது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து எரித்தும், இந்தப் பழைய யந்திரங்களில் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும் பகுதி புகைபோக்கி வழியாகவும், யந்திரத்தைக் குளிர்விக்கும் கடல் நீர் வழியாகவும் வீணே போகிறது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை சாம்பல். உப்புக்குப் பெயர்போன ஊரில் அந்தச் சாம்பல் எங்கே போய்ச் சேர்கிறதென்பது அற்ப விஷயமன்று.

புகையின் கதையும் இதுவே. கந்தகப் புகைக்கு மத்திய சர்க்கார் 2015ம் வருஷம் டிசம்பரில் வரம்பு விதித்தனர். இரண்டே வருஷத்தில் நிறைவேற்ற வேண்டிய அந்த விதிக்குக் கெடுவின்மேல் கெடுவாக நீட்டிக்கப்பட்டது. 2025ம் வருஷம் ஜூலையில், தேசத்து அனல் நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கடமையே வேண்டாமென்று விலக்களித்துவிட்டார்கள். எதிர்வாதி கேட்டபோதெல்லாம் வாய்தா கொடுத்து, கடைசியில் வழக்கையே தள்ளிவிடும் கோர்ட்டை எந்த ஊரில் நியாயஸ்தலம் என்பார்கள்?

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. 2030ம் வருஷம் வரை நிலக்கரி யூனிட் எதையும் மூட வேண்டாமென்று மத்திய மின்சார ஆணையம் 2023ம் வருஷம் ஜனவரியில் ஆலோசனை கூறிற்று. அதற்குக் காரணம் உண்டு. சூரிய மின்சாரம் அந்தி சாயும்போது அடங்கிவிடுகிறது. அப்போதுதான் வீடுகளில் தேவை ஏறுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் வைகாசி முதல் புரட்டாசி வரைதான் தாராளமாக வீசும். மாற்று ஏற்பாடின்றி இன்றே மூடினால் இருளில் தவிப்பவர்கள் ஏழைகளே. இது வாஸ்தவம். ஆயினும், குளிர்ந்துபோன கொதிகலனை மறுபடி மூட்டி முழு வேலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரமாகும். மாலைத் தேவைக்காக மட்டும் ஏற்றி இறக்கப் பழைய யூனிட் ஏற்றதன்று. அப்படி அடிக்கடி சூடேறிக் குளிர்ந்தால் அதன் குழாய்கள் இன்னும் விரைவில் தேய்ந்துபோகும்.

முடிவு செய்யாதிருப்பதும் ஒரு முடிவே. அதுவே எல்லாவற்றிலும் மோசமானது. மூடப் போகிறோமென்ற எண்ணத்தில் பழுது பார்க்கும் செலவு குறைகிறது. மூடவில்லையென்பதால் மாற்று ஏற்பாட்டுக்கும் பணம் ஒதுக்கப்படுவதில்லை. நடுவே நிற்பவன் தொழிலாளி. தூத்துக்குடி நிலையத்தில் 2025ம் வருஷம் மார்ச்சில் தீப்பிடித்து உற்பத்தி தடைப்பட்டது. நெய்வேலி இரண்டாவது அனல் நிலையத்தில் 2020ம் வருஷம் மே, ஜூலை மாதங்களில் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் மாண்டனர். பழைய யந்திரமென்பதால் மட்டும் விபத்து நேர்வதில்லை. ஆனால் வயதான யந்திரத்துக்குக் கவனம் அதிகம் வேண்டுமேயன்றிக் குறையலாகாது.

மூடுவது முடியாத காரியமன்று. 450 மெகாவாட் எண்ணூர் நிலையம் 2017ம் வருஷம் மார்ச்சில் நின்றது. சோவியத் உதவியுடன் எழுந்த 600 மெகாவாட் நெய்வேலி முதல் நிலையம் 2020ம் வருஷத்தில் ஓய்வு பெற்றது. நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றலாம். ஆனால் நிலக்கரி இறக்கியும் சாம்பல் அள்ளியும் வாழும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்றல் உத்தரவு வராது. அவன் கதியைச் சொல்லாத திட்டம் பாதித் திட்டமே.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு யூனிட்டுக்கும் கடைசித் தேதி எது என்று ராஜ்ய சர்க்கார் பகிரங்கமாக அறிவிக்கட்டும். அந்தத் தேதி வரை பழுதுபார்ப்பில் சிக்கனம் வேண்டாம். மின் கம்பிகளும் துணை நிலையமும் ஏற்கெனவே உள்ள அந்த இடத்திலேயே, பகலின் மின்சாரத்தை மாலைக்குச் சேமிக்கும் பாட்டரிகளை அமைப்பது பற்றி ஆராயட்டும். ஒப்பந்தத் தொழிலாளரின் ஜாபிதாவை இன்றே எடுத்து, புதிய வேலைகளில் அவர்களுக்கே முதல் உரிமை அளிக்கட்டும். நிலையத்துக்கு வயதாகிவிட்டதை எவரும் மறுக்கவில்லை. தேதி குறிப்பதற்குத் துணிவுதான் வேண்டும்.