அடைத்த கதவும் அறிய வேண்டிய காரணமும்

நன்மை செய்ய வேண்டும் என்று விரும்புவதற்கு இரக்க நெஞ்சம் போதும். அந்த நன்மை எவருக்குத் தேவை, எவ்வகையில் தேவை என்று அறிந்து செய்வதற்கோ இரக்கத்துடன் உழைப்பும், பொறுமையும், பிறர் சொல்லைச் செவிமடுக்கும் பணிவும் வேண்டும். ஊர் மக்களின் உடல்நலம் பேணும் பணியில் இவ்வுண்மை பளிச்செனப் புலப்படுவதைக் காண்கிறோம்.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நடந்ததாக வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்குவதற்காக 'திவான்' என்னும் பதிவேட்டை அவர்கள் ஏற்படுத்தியிருந்தார்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கு அதில் பங்கு உண்டு. பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இல்லை.

ஓர் இரவு, மதீனா நகருக்கு வந்து தங்கிய வணிகக் கூட்டத்தாருக்குக் காவலாக, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் கலீபா விழித்திருந்தார்கள். அங்கே ஒரு பச்சிளங் குழந்தை விடாது அழுதது. கலீபா பலமுறை சென்று, குழந்தையைக் கவனிக்குமாறு தாயிடம் கூறினார்கள். எதிரே நிற்பவர் கலீபா என்று அறியாத அப்பெண், பால்குடி மறந்த பிள்ளைக்கே உமர் உதவித்தொகை தருவதால், உரிய காலத்திற்கு முன்பே பாலை நிறுத்த முயல்வதாகக் கூறினாள். கலீபாவின் நெஞ்சம் பதறியது. பொழுது புலர்ந்ததும், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டென்று பறைசாற்றச் செய்தார்கள்.

திட்டம் நல்ல திட்டமே; நோக்கமும் தூய நோக்கமே. எனினும் அது வீட்டினுள் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதைப் பதிவேடு சொல்லவில்லை. ஒரு தாயின் வாய்ச்சொல்தான் சொல்லிற்று. அச்சொல்லைக் கேட்ட ஆட்சியாளர், தாயைக் கடியாமல் விதியை மாற்றினார் என்பதன்றோ இதில் நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி!

வடபுலத்தில் ஒரு சோதனை

இப்பாடத்தை நம் காலத்தில், நம் நாட்டிலேயே, மிகுந்த விலை கொடுத்துக் கற்க நேர்ந்தது. இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோயை ஒழிப்பதற்காக 1995ஆம் ஆண்டு முதல் இந்தியா முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பல மாநிலங்களில் நோய் விரைந்து குறைந்தது. ஆனால் 2002ஆம் ஆண்டில் நாடெங்கும் 1,600 பிள்ளைகள் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் 1,200க்கும் மேற்பட்டோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாநில மக்களில் முஸ்லிம்கள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. நோயால் முடமான பிள்ளைகளிலோ பாதிக்கு மேற்பட்டோர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள்.

இதற்கு எளிதான ஒரு விளக்கம் உடனே கிளம்பிற்று. "இவர்கள் அறியாமையில் உழல்பவர்கள், மருந்தை மறுப்பவர்கள்" என்பதே அது. இவ்விளக்கம் உண்மையின் ஒரு துளியையே கொண்டிருந்தது. சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றை இல்லாமற் செய்துவிடும் என்ற வதந்தி பரவியிருந்தது மெய்தான். ஆனால் அவ்வதந்தி ஏன் எடுபட்டது? 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை நிலவிய காலத்தில் நடந்த கட்டாயக் கருத்தடையின் நினைவு அம்மக்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. அன்றியும், சாக்கடை தேங்கிய தெருக்களில் வாழ்ந்தோர், காய்ச்சலுக்கும் பேதிக்கும் பார்க்க வராதவர்கள் இந்த ஒரு மருந்துக்கு மட்டும் மீண்டும் மீண்டும் வீடு தேடி வருவது ஏன் என்று வினவினர். இவ்வினாவில் நியாயம் இல்லையென்று எவர் கூற இயலும்?

'எக்ஸ்' குறியிட்ட வீடுகள்

சொட்டு மருந்து வழங்கும் பணியாளர்கள் வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியிடுவது வழக்கம். எல்லாப் பிள்ளைகளும் மருந்து பெற்ற வீட்டிற்கு 'பி' என்னும் ஆங்கில எழுத்து. எந்தப் பிள்ளையேனும் விடுபட்டிருந்தால் 'எக்ஸ்' என்னும் எழுத்து. காலப்போக்கில், இந்த 'எக்ஸ்' வீடுகள் யாவும் ஒரே இனத்தவை அல்ல என்று பணியாளர்கள் உணர்ந்தனர். ஆகவே அவற்றைக் காரணம் வாரியாகப் பிரித்து எழுதினர். மறுத்த வீடு ஒன்று. பூட்டிக் கிடந்த வீடு ஒன்று. பிள்ளை வெளியே சென்றிருந்த வீடு ஒன்று. பிள்ளை நோயுற்றுக் கிடந்த வீடு ஒன்று.

இது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் பணியின் போக்கையே மாற்றியது இச்செயல்தான் என்று சொன்னால் மிகையாகாது. பூட்டிய வீட்டிற்குப் பிரசாரம் எதற்கு? மாலையில் மறுபடி சென்றால் போதும். நோயுற்ற பிள்ளையின் தாய்க்கு அறிவுரை எதற்கு? அவளுக்குத் தேவை மருத்துவர். மறுக்கும் வீட்டிற்கு மட்டுமே, அவ்வீட்டார் நம்பும் ஒருவர் சென்று பேச வேண்டும். காரணம் தெரிந்தவுடன் வழியும் தெரிந்தது.

இதற்கென ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து, அந்தந்தத் தெருவைச் சேர்ந்தவர்களையே, பெரும்பாலும் பெண்களையே, பணியில் அமர்த்தின. பின்னாளில் அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 7,000 ஆக உயர்ந்தது. ஒவ்வொருவருக்கும் சில நூறு வீடுகள். அவ்வீடுகளிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கருவுற்ற தாய்மார்கள், புதிதாகப் பிறந்த சிசுக்கள் ஆகிய அனைவரின் பெயரும் அவரது ஏட்டில் இருக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் அறிவிப்புச் செய்யப்பட்டது. இமாம்களும் ஆலிம்களும் தம் கரத்தாலேயே பிள்ளைகளுக்கு மருந்து புகட்டித் தொடங்கி வைத்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகிய கல்வி நிலையங்களும் துணை நின்றன.

மருந்து மட்டும் போதவில்லை

இவ்வளவும் செய்தும், பலமுறை மருந்து பெற்ற பிள்ளைகள் சிலரும் நோயுற்றனர். 2006இல் 676 பேர். 2009இல் 741 பேர். காரணம் தேடிய ஆய்வாளர்கள் வியப்பூட்டும் ஓர் உண்மையைக் கண்டனர். முதல் வகைக் கிருமிக்கு எதிராக ஒவ்வொரு முறை புகட்டும் மருந்தும் நாட்டின் பிற பகுதிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பிள்ளைகளைக் காத்தபோது, உத்தரப் பிரதேசத்தில் 9 பிள்ளைகளை மட்டுமே காத்தது. நெருக்கமான குடியிருப்பு, அசுத்தமான நீர், ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவை பிள்ளையின் குடலில் மருந்து வேலை செய்ய விடவில்லை. சாக்கடையைச் சுட்டிக்காட்டி அம்மக்கள் எழுப்பிய வினா மருத்துவ நோக்கிலும் சரியான வினாவாகவே இருந்தது!

ஆகவே 2009இல் புதியதொரு திட்டம் வகுக்கப்பட்டது. நோய் விடாது பற்றியிருந்த 107 வட்டாரங்கள், அதாவது உத்தரப் பிரதேசத்தில் 66, பீகாரில் 41, தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கே சொட்டு மருந்தோடு நில்லாமல், கைகழுவும் பழக்கம், கழிப்பிட வசதி, தூய குடிநீர், வயிற்றுப்போக்கிற்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுதல் ஆகியனவும் ஒன்றாகக் கொண்டு செல்லப்பட்டன. கோசி ஆற்று வெள்ளப் படுகைச் சிற்றூர்களுக்கும், செங்கல் சூளைகளுக்கும், ஊர் ஊராகப் பெயரும் கூலித் தொழிலாளர் குடில்களுக்கும் பணியாளர்கள் தேடிச் சென்றனர். 2010 சனவரியில் மேலும் ஆற்றல் மிக்க இருவகைச் சொட்டு மருந்தும் வந்து சேர்ந்தது.

அவ்வாண்டு நோயுற்றோர் 42 பேராகக் குறைந்தனர். 2011 சனவரி 13ஆம் நாள், மேற்கு வங்க மாநிலம் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு நோய் கண்டது. இயற்கைக் கிருமியால் இந்தியாவில் முடமான கடைசிக் குழந்தை அதுவே. 2014 மார்ச் 27ஆம் நாள், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகள் போலியோ அற்றவை என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

நம் மஹல்லாவிற்கு என்ன செய்தி?

நம் ஊர்களில் மருத்துவ முகாம்கள் நடத்துவோர் உளர். மருத்துவச் செலவிற்கு ஸதகாவும் ஜகாத்தும் வழங்குவோர் உளர். அவர்களின் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும், முகாமிற்கு வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுகிறோமே தவிர, வராதவர் எவர், ஏன் வரவில்லை என்று எண்ணுகிறோமா? உண்மையில் நம் கவனத்திற்கு உரியவர் அவரேயன்றோ!

நிக்காஹ் பதிவேடும் சந்தா ஏடும் இல்லாத ஜமாஅத் அரிது. வீடுகளின் கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. அத்துடன் சில வினாக்களைச் சேர்த்துக் கேட்பதில் என்ன தடை? இவ்வீட்டில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உடையோர் எத்தனை பேர்? மருந்து தவறாது உண்கின்றனரா? இல்லையெனில் தடுப்பது எது, பணமா, தொலைவா, துணையின்மையா? கருவுற்ற தாய்மார் உண்டா? தடுப்பூசி விடுபட்ட பிள்ளைகள் உண்டா? படுக்கையில் கிடக்கும் முதியோரைப் பேணுபவர் யார்? இவற்றைப் பெண்களிடம் பெண்களே சென்று கேட்பது சிறப்பு. ஒரு வீட்டின் நோய்ச் செய்தி அமானிதமாகும். அது திண்ணைப் பேச்சாகிவிடக் கூடாது. கூட்டத்தில் எண்ணிக்கையைச் சொல்லலாம், பெயரைச் சொல்லலாகாது.

கணக்கு கைக்கு வந்தபின், எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முனைய வேண்டியதில்லை. மிகப் பலரை வாட்டும் குறை ஒன்றையோ இரண்டையோ தேர்ந்து, பொறுப்பாளரையும் நாளையும் குறித்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் செவிலியரையும் கலந்து தொடங்கலாம். ஓராண்டு கழித்து மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணாமல் விட்டால், பலன் விளைந்ததா இல்லையா என்பதை எங்ஙனம் அறிவது?

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு மதிப்பிட்டது. நம் மஹல்லாவிலும் அவர்கள் இருக்கவே செய்வர். ரமலான் வருவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே அவர்கள் மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்தின் அளவையும் வேளையையும் எவ்வாறு மாற்றுவது என்று அறிந்துகொள்ளுமாறு வல்லுநர்கள் கூறுகின்றனர். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருப்பதை அறிந்தும், சொல்லத் தயங்கி நோன்பு நோற்று மயங்கி விழுவோர் உண்டு. ஏட்டில் அவர் பெயர் இருந்தால், ஷஃபான் பிறப்பதற்கு முன்பே ஒருவர் அவ்வீட்டுக் கதவைத் தட்டலாம் அல்லவா?

ஓர் உயிரைக் காப்பதன் மாண்பைத் திருமறை எவ்வளவு உயர்த்திப் பேசுகிறது என்பதை நாம் அறிவோம். அம்மாண்பு, நோய் முற்றிய பின் ஓடிச் சென்று உதவுவதில் மட்டும் அடங்கிவிடவில்லை. நோய் வருமுன் சென்று, என்ன குறை என்று கேட்டறிவதிலும் இருக்கிறது. கேட்பதற்கு முன் குறைகூறுவோர் கதவை இன்னும் இறுக அடைக்கிறார்கள். காரணம் கேட்போர்க்கே அது திறக்கிறது.

நம் அண்டை வீட்டாரின் நலிவை அவர் நாவால் சொல்லுமுன் அறியும் நல்லுள்ளத்தையும், அறிந்ததை முறையாகச் செய்து முடிக்கும் ஆற்றலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.