பெருந்தொற்றுக்குப் பின் மருத்துவ மாணவரும் ஆயரின் பணியும்

கோவிட் பெருந்தொற்றை முன்னிட்டு 2020 ஜனவரி 30இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த அவசர நிலை 2023 மே 5இல் முடிவுற்றது. ஆயினும், அக்காலத்தில் மருத்துவம் பயின்றோர் பலரின் உள்ளத்தில் அது இன்னும் முடிவுறவில்லை. இன்று இளம் மருத்துவர்களாக நம் சபைகளில் அமர்ந்திருக்கும் இவர்களது நிலையை ஆயர்கள் சரியாக விளங்கிக்கொள்ளுதல் அவசியம்.

அவர்கள் சுமந்த பாரம் இருவகைப்பட்டது. முதலாவது, கல்வியில் நேர்ந்த இழப்பு. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டமையால், நோயாளியின் படுக்கையருகே கற்கவேண்டியதைக் கணினித் திரையில் கற்றனர். 2021 ஏப்ரல் 18இல் நடைபெறவிருந்த முதுநிலை நுழைவுத்தேர்வு செப்டம்பர் 11இல்தான் நடந்தது. ஒதுக்கீடு தொடர்பான வழக்கினால் சேர்க்கைக் கலந்தாய்வும் 2022 ஜனவரிவரை தாமதமாயிற்று. புதியவர்கள் வராமையால், ஏற்கெனவே பயின்றுவந்தோர் அவர்தம் பணியையும் சேர்த்துச் செய்யவேண்டியிருந்தது.

இரண்டாவது, கல்வி முடியுமுன்னரே வந்த பொறுப்பு. இரண்டாம் அலையின்போது, 2021 மே 3இல், பயிற்சி மருத்துவர்களைக் கோவிட் பணியில் அமர்த்தவும், இறுதியாண்டு மாணவரைத் தொலைபேசி ஆலோசனைக்கும் இலேசாக நோயுற்றோரைக் கண்காணிக்கவும் பயன்படுத்த இந்திய அரசு முடிவு செய்தது. பிராணவாயுவும் படுக்கைகளும் போதாதிருந்த நாட்கள் அவை.

இதன் பின்விளைவை வெறும் களைப்பெனக் கொள்ளுதல் தவறு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரரிடையே பணியாற்றிய அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனதன் ஷே விளக்கிய ஒரு நிலையை நாம் ‘அறக்காயம்’ எனலாம். பொறுப்பிலுள்ளோர் அறத்தைக் கைவிடும்போது உண்டாகும் காயம் என்றார் அவர். சரியானதை அறிந்தும் செய்ய இயலாமற்போதலையும் பின்வந்தோர் இதனுள் சேர்த்தனர். களைப்பு ஓய்வினால் தீரும், “நான் இன்னும் கற்றிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ?” என்னும் வினா ஓய்வினால் தீராது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கையின்படி, ஆய்வில் பங்குகொண்ட 25,590 இளநிலை மாணவருள் 27.8 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலக் குறைபாடு உண்டெனத் தெரிவித்தனர். இவை யாவும் பெருந்தொற்றின் விளைவல்ல. நீண்ட பணிநேரம் போன்ற பழைய காரணங்களும் உள. முதுநிலை மாணவரின் பணி வாரத்திற்கு 74 மணி நேரத்தை மிஞ்சலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது.

இங்கு ஆயர் செய்யக்கூடிய தவறுகள் இரண்டு. ஒன்று, அவர்களை வீரரெனப் பாராட்டிவிட்டு அமைதல். தன்னைக் குற்றவாளியாக எண்ணுபவனின் வாயைப் பாராட்டு அடைத்துவிடும். மற்றொன்று, விசாரியாது மன்னிப்பை அறிவித்தல். பிராணவாயு இல்லாமையால் நேர்ந்த மரணம் மாணவனின் பாவமன்று. அதற்கு மன்னிப்பு வழங்கினால், இல்லாத குற்றத்தை நாமே உறுதிப்படுத்துகிறோம். மெய்யான தவறு இருப்பின், அதை அவனே சொல்லட்டும். அப்பொழுது மன்னிப்பின் வார்த்தைக்கு இடமுண்டு.

யோபின் நண்பர்கள் ஏழுநாள் மௌனமாய் உடனிருந்தவரையில் நல்ல ஆயர்களாக இருந்தனர். காரணம் கூறத் தொடங்கியபோதே தவறினர். ஆகவே முதலில் செவிகொடுப்போம். இறந்தோருக்காக அவர்களோடு புலம்புவோம். உயிரை மாய்க்கும் எண்ணம் தென்படின், நம் ஆலோசனையே போதுமென்றிராமல், உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. அதனை அறிந்து வைத்திருப்பதும் ஆயரின் கடமையே.