சாவிக்கொத்தும் கடவுச்சொல்லும்

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை அது கொல்லம் மாவட்டத்துத் தாலுகா. அந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் தேதியே கொல்லம் ஆண்டில்தான் இருக்கும். சேர்ந்த வருஷம் அந்தக் கணக்கில் 1132. வயலும் வரப்பும் அசையவில்லை. அவற்றின் கணக்கை யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்பது மட்டும் ஒரே நாளில் மாறிப்போனது.

கிழக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் தென்காசியில் அப்போது வேறு நடைமுறை. அங்கே கிராமக் கணக்கு பரம்பரைக் கர்ணத்தின் பொறுப்பு. அடங்கல், சிட்டா ஏடுகள் அவர் வீட்டில் இருக்கும். பார்க்க வேண்டியவர் திண்ணையில் காத்திருப்பார். கர்ணம் மனசு வைத்தால் ஏடு திறக்கும். யாரைக் காக்க வைப்பது, யாரை உடனே உள்ளே அழைப்பது என்பதில் சாதியும் செல்வாக்கும் கலந்திருந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒழித்தது மிகச் சரியான காரியம் என்றே நினைக்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஏடுகள் அலுவலக பீரோவுக்குப் போயின.

பீரோ காலத்தில் ஒரு தெளிவு இருந்தது. ஏடு கிடைக்கவில்லையென்றால் காரணம் கண்ணுக்குத் தெரியும்: சாவி வைத்திருப்பவர் ஜமாபந்திக்குப் போயிருக்கிறார், அல்லது விடுப்பில் இருக்கிறார்.

இன்று பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. திண்ணையில் நின்ற குடும்பத்தின் பேரப்பிள்ளை கைப்பேசியில் தன் நிலத்தைப் பார்க்கிறான். இது பெரிய விடுதலை. ஆனால் பட்டா மாறுதல் மனு நகர வேண்டுமானால் அலுவலர் தம் இணையக் கணக்கில் நுழைய வேண்டும். அங்கேதான் புதுச் சிக்கல்: திரை 'அனுமதி இல்லை' என்கிறது, ஏன் இல்லை என்று சொல்வதில்லை.

மனு இப்படி நிற்கும்போது முதலில் கேட்க வேண்டியது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதே. உள்ளேயே நுழைய முடியவில்லையென்றால் கடவுச்சொல்லையோ, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறதா என்பதையோ பார்க்க வேண்டும். நுழைந்தும் மனு கண்ணில் படவில்லையென்றால், அந்தக் கிராமம் அவர் கணக்கோடு இணைக்கப்படாமல் இருக்கலாம். மனு தெரிகிறது, ஒப்புதல் பொத்தான் மட்டும் இல்லையென்றால் பதவி நிலை தவறாகப் பதிவாகியிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் கடைசியில் கையெழுத்து விழவில்லையென்றால் மின்கையொப்பச் சான்றின் காலம் முடிந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு: பல அமைப்புகளில் ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, ஒன்று அனுமதித்து மற்றொன்று வெளிப்படையாகத் தடுத்தால், தடையே வெல்லும். அனுமதியைக் கூட்டிக்கொண்டே போனாலும் அது திறக்காது. தடையை எடுக்க வேண்டும். மாற்றம் செய்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையவும் வேண்டும், சில அமைப்புகள் பழைய உரிமையையே நினைவில் வைத்திருக்கும்.

கூடுதல் பொறுப்புதான் இதில் அதிகம் வதைப்பது. பக்கத்துக் கிராம அலுவலர் பொறுப்பேற்க உத்தரவு தாளில் வந்துவிடும். கணினிக்கு யாராவது பதிந்தால்தான் தெரியும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானதைப் போன்ற மறுசீரமைப்பு வரும்போது, இந்த இணைப்புகளைக் கிராமம் கிராமமாகச் சரிபார்க்காவிட்டால் மனுக்கள் பார்க்க ஆளின்றிக் கிடக்கும். அந்த அவசரத்தில் பழையவரின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவது எளிது. அதைச் செய்யவே கூடாது. நாளை அந்தப் பட்டாவில் வழக்கு வந்தால், பதிவு காட்டும் பெயர் கையெழுத்திட்டவருடையதாக இருக்காது. வேலை நடக்கட்டும் என்று எல்லோருக்கும் முழு அதிகாரம் கொடுப்பதும் அதே தவறுதான். பழைய கர்ணத்தின் தனி அதிகாரத்தை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக் கொடுத்ததாகிவிடும்.

பொறுப்பு ஒப்படைக்கும்போது பதிவேடு இத்தனை, முத்திரை ஒன்று, பீரோ சாவி இரண்டு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுவது பழைய வழக்கம். அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு வரி சேர்த்தாக வேண்டும்: போகிறவரின் கணக்கிலிருந்து இந்தக் கிராமம் நீக்கப்பட்ட தேதி, வருகிறவரின் கணக்கில் அது சேர்ந்த தேதி.