தூரமும் இடப்பெயர்ச்சியும்: பிள்ளைகளுக்கு எப்படி விளக்கலாம்?

இங்கே பிள்ளைகள் ஸ்கேலர், வெக்டர் என்று படிப்பதை ஊரில் எண்ணிக்கணியம், காவிக்கணியம் என்பார்கள். எண்ணிக்கு அளவு போதும். காவிக்குத் திசையும் வேண்டும். லண்டன் வீதிகளில் நிற்கும் '20' பலகை கதியை மட்டும் சொல்கிறது. வடக்கு நோக்கி மணிக்கு 20 மைல் என்றால்தான் அது வேகம்.

பிள்ளைகள் அதிகம் குழம்புவது தூரத்திலும் இடப்பெயர்ச்சியிலும்தான். அதற்கு உதாரணம் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் புறப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து சாவகச்சேரி கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். 1996இல் பலர் திரும்பினார்கள்.

வீதி நேரானது என்று வைத்துக்கொள்வோம். போய்வந்த தூரம் 30 கிலோமீட்டர். இடப்பெயர்ச்சி பூச்சியம், கிழக்கே போன 15ஐ மேற்கே வந்த 15 கழித்துவிடுகிறது. வங்கிக் கணக்கில் 15 பவுண்ஸ் போட்டு 15 பவுண்ஸ் எடுத்தால் மீதி மாறாது, ஆனால் இரண்டு பதிவுகளும் கூற்றில் இருக்கும். மீதியில் வந்த மாற்றம் இடப்பெயர்ச்சி, பதிவுகளின் மொத்தம் தூரம்.

ஆங்கிலத்தில் இதற்கும் மக்கள் இடம்பெயர்வதற்கும் ஒரே சொல், டிஸ்பிளேஸ்மென்ட். பரீட்சையில் பூச்சியம் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த 30 கிலோமீட்டரில் என்ன நடந்தது என்பதையும் வீட்டில் சொல்லிக்கொடுங்கள்.