காற்றைக் குடிக்கும் பூச்சு

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. மார்கழி, தையில் அந்தக் கணவாய் வழியே கீழ்க்காற்று வறண்டு வீசும். தெற்கே இடுக்கி மலைகளிலோ ஆடி மாதம் கொடியில் போட்ட துணி காய்வேனா என்னும். ஒரே தேக்குப் பலகை இந்த இரு ஊர்களிலும் ஒரே அளவில் இருக்காது. மரத்தின் ஈரப்பதம் நான்கு விழுக்காடு கூடினால், ஓரடி அகலப் பலகை 2 மில்லிமீட்டர் வரை விரியும். நீளமோ ஏறக்குறைய அசையாது. மழைக்காலத்தில் கதவு நிலையில் இறுகிக்கொள்வது இதனால்தான்.

வார்னிஷ் அடித்தால் ஈரம் ஏறாது என்று நம்புகிறோம். ஏறும், மெதுவாக. மூன்று கோட் அடித்துக் காய்ந்த படலம் ஒரு காகிதத் தாளின் தடிமனைத் தாண்டினாலே அதிகம். நீராவி அதன் வழியே நுழைய நாள்கணக்கில் ஆவதால் மரம் திடீரென விரிந்து வெடிப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் முந்திக்கொண்டு ஈரம் குடிக்கும், பலகை வளையும். கதவின் அடி விளிம்புக்கும் பூசச் சொல்லுங்கள், ஆசாரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இன்னொரு வியப்பு: எண்ணெய் வார்னிஷ் துணியைப் போலக் காய்வதில்லை. முதலில் தின்னர் ஆவியாகும், அதுவரைக்கும்தான் காய்தல். பிறகு அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுக்கிறது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. இதற்குப் பல்லுறுப்பாக்கம் என்று பெயர். ஆளிவிதை எண்ணெயை மட்டும் தனியே பூசி நிறுத்துப் பார்த்தால், இறுகும்போது எடை கூடும்! அரக்குப்பூச்சி தரும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் இதற்கு நேர்மாறு. வெறுமனே காய்வது அது. ஒரு சொட்டு ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரைந்துவிடும்.

அப்படியானால் கேரளத்தில் தாராளமாகக் கிடைக்கும் தேங்காய் எண்ணெயையே பூசலாமே? ஆண்டுக்கணக்கில் பிசுபிசுக்கும். ஆக்சிஜன் பற்றிக்கொள்ளும் கொக்கி, அதாவது இரட்டைப் பிணைப்பு, அதில் மிகக் குறைவு. ஆளிவிதை எண்ணெயிலோ ஏராளம். கடினமும் மினுமினுப்பும் பிசின் சேர்த்தால் வரும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெள்ளைக்குங்கிலிய மரத்தின் பிசின் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது. காயம்பட்ட இடத்தை மூட அந்த மரம் கசிய விடுவது அது.

ஆக்சிஜன் பிணையும்போது வெப்பமும் பிறக்கும். பலகையில் அது தெரியாது, காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் எறிந்தால் வெப்பம் உள்ளேயே சேரும். தீக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளலாம். வெளியே ஒற்றையாக விரித்துப் போட்டால் அதுவும் பலகையைப் போலவே விறைத்துக் கிடக்கும்.