விரல் நுனியில் ஒரு சுழி

நண்பர்களோடு எடுத்துக்கொண்ட வாசிப்புச் சவாலில் இந்த மாதத்துக்கு விழுந்தது, 'திகில் படக்கதை ஒன்று'. நான் எடுத்தது ஜப்பானிய ஓவியர் ஜுன்ஜி இட்டோவின் 'உசுமாகி'. 1998, 1999-ல் வார இதழ் ஒன்றில் தொடராக வந்தது. ஒரே நூலாகத் தொகுத்தபோது அறுநூறு பக்கம் தாண்டியது. உசுமாகி என்றால் சுழி. ஒரு கடலோரச் சிற்றூரைச் சுழி என்கிற வடிவமே பிடித்து ஆட்டுகிறது, அதுதான் கதை. இரண்டு இரவு விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

சினிமாவில் பயமுறுத்த இசை இருக்கிறது, திடீர் சத்தம் இருக்கிறது. இங்கே வெள்ளைத் தாளும் கறுப்பு மையும்தான். பிறகு ஏன் நெஞ்சு படபடக்கிறது?

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நம் கண் கூர்மையாகப் பார்க்கிறது. விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு குழிக்கு மட்டுமே அந்தக் கூர்மை. சுற்றியுள்ளதெல்லாம் மங்கல்தான். அதனால் விழி நொடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது. அடுத்து எங்கே தாவலாம் என்று துப்புக் கொடுப்பது அந்த மங்கலான ஓரப் பார்வை. ஆகவே படக்கதைப் பக்கத்தின் முதல் கட்டத்தைப் படிக்கும்போதே, கீழே கறுப்பாக ஏதோ பெரிதாகக் கிடப்பது ஓரக்கண்ணில் பட்டுவிடும். விரித்த பக்கத்தில் எதையும் ஒளிக்க முடியாது. ஒளிக்க உள்ள ஒரே இடம் தாளின் மறுபுறம்.

இட்டோவுக்கு இது அத்துப்படி. பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு முகம் எதையோ பார்த்து உறைந்து நிற்கும். எதைப் பார்த்தது என்பது அங்கே இருக்காது. தாளைப் புரட்டினால் பக்கம் முழுக்க அது. அதற்கு முந்திய அரை நொடியில் நம் மூளை தன் பங்குக்கு ஏதோ ஒன்றை வரைந்து முடித்திருக்கும். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விடுபட்டதை வாசகரே நிரப்பிக்கொள்கிறார் என்று ஸ்காட் மெக்கிளவுட் 1993-ல், படக்கதையைப் பற்றிப் படக்கதையாகவே ஒரு நூல் வரைந்து விளக்கினார். திரையரங்கில் கண்ணை மூடிக்கொண்டாலும் காட்சி நகர்ந்துவிடும். இங்கே நாம் புரட்டினால்தான் பயங்கரம் நடக்கும். புரட்டும் விரல் நம்முடையது.

அந்த விரலையும் இட்டோ விட்டுவைக்கவில்லை. கதையில் ஒரு தாய் சுழிகளைக் கண்டு நடுங்குகிறாள். தன் விரல் நுனியிலேயே சுழி இருப்பது ஒருநாள் அவள் கண்ணில் படுகிறது. அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்குக்கு அடியில் என் கட்டைவிரலைப் பார்த்தேன். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சுற்றி வரிகள். தாயின் வயிற்றில் பத்து வாரம் கடந்த பிறகு உருவாகத் தொடங்கிய வரிகள் அவை. சாகும்வரை அதே அமைப்புதான்.

கதையில், காதுக்குள் இருக்கும் சுருள் மட்டும் அந்தத் தாய்க்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அவள் மகன் பதறுகிறான். பட்டாணி அளவே உள்ள அந்த நத்தைச் சுருள் இரண்டரைச் சுற்றுச் சுற்றியிருக்கிறது. நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். வாசல் பக்கம் கீச்சென்ற ஒலிகளையும், உள்ளே போகப்போக கனத்த ஒலிகளையும் உணரும். எதிரில் இருப்பவரின் குரல் நம்மை வந்தடைவதே ஒரு சுழியின் வழியாகத்தான். பிள்ளையார் சுழி போட்டு எழுதப் பழகிய எனக்கு, சுழி இவ்வளவு அந்நியமாகத் தெரிந்தது இதுவே முதல்முறை.

இட்டோ ஓவியராகும் முன் பல் செட் செய்யும் தொழில்நுட்பராக இருந்தவர். மயிரிழை பிசகாத அந்தக் கை ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது. குழந்தைகளுக்கான புத்தகம் இல்லை இது; அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெரியவர்கள் படிப்பதானால் கைப்பேசித் திரையில் வேண்டாம், அச்சுப் புத்தகத்தில் தாளைப் புரட்டிப் படியுங்கள்.